ஷேல் எரிவாயுவை இங்கிலாந்து ஏன் கைவிட்டது? நிலநடுக்கம் மட்டும்தான் காரணமா?

பாதிக் காரணம் அதுதான். ஆழத்தில் இறுகிக் கிடக்கும் ஷேல் என்ற களிப்பாறைக்குள் நீர், மணல், சிறிதளவு வேதிப்பொருள்கள் கலந்த கலவையைப் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளந்து, உள்ளே அடைபட்ட எரிவாயுவை எடுப்பதே நீரியல் விரிசல் முறை. அருகில் பழைய பிளவுக்கோடு இருந்தால், அந்த அழுத்தம் அதை நழுவச் செய்துவிடும். வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயரில் 2019 ஆகஸ்டில் 2.9 ரிக்டர் அளவில் தரை அதிர்ந்தது இப்படித்தான். அங்கே 0.5-ஐத் தொட்டாலே பணியை நிறுத்த வேண்டும் என்பது விதி! அந்த நவம்பரில் அரசு தடை விதித்தது.

மறுபாதி அரசியல். எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. 2015-இல் லங்காஷயர் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) மன்றம் இம்முறைக்கு அனுமதி மறுத்தது. மறு ஆண்டே லண்டனில் இருந்த அமைச்சர் அம்முடிவைப் புறந்தள்ளி அனுமதி கொடுத்தார். தங்கள் ஊர் மண்ணுக்காகவும் தண்ணீருக்காகவும் தாங்கள் தேர்ந்தெடுத்த மன்றமே பேச முடியாது என்றால், மக்கள் சாலையில் உட்காராமல் வேறென்ன செய்வார்கள்? எரிவாயுக் கிணற்றின் வாசலில் ஆண்டுக்கணக்கில் போராட்டம் நடந்தது.

2022 செப்டம்பரில் பிரதமர் லிஸ் டிரஸ் தடையை நீக்கினார். சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு வெடித்தது. அடுத்த மாதமே, புதிதாகப் பதவியேற்ற ரிஷி சுனக் தடையை மீண்டும் கொண்டுவந்தார்.