தோல் தைக்கும் மெஷின் தையல் விடுகிறது. விற்ற டீலர் கைவிரிக்கிறார்

கேள்வி: ஆம்பூரில் ஷூ கம்பெனி ஸ்டிச்சிங் செக்‌ஷனில் பல வருடம் வேலை பார்த்தேன். இப்போது வீட்டிலேயே அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்துக் கொடுக்கிறேன். நாத்தனார் பேஸ்டிங், டிரிம்மிங் பார்ப்பார். உதவிக்கு ஒரு பெண் வருகிறாள். லோன் போட்டு 1,40,000 ரூபாய்க்குச் சென்னை டீலரிடம் புது போஸ்ட் பெட் மெஷின் (தூண் போன்ற மேடையில் வைத்துத் தைப்பது) வாங்கினேன். வாங்கும் முன்பே வாட்ஸ்அப்பில், "சேஃப்டி ஷூ அப்பர், மடிப்பும் லைனிங்கும் சேர்த்து 5 மில்லிமீட்டர் தடிமன் வரும், எந்த மெஷின் சரிவரும்?" என்று கேட்டேன். அவர்தான் இந்த மாடலைச் சொன்னார். இரண்டு மாதமாகத் தடிமனான இடத்தில் தையல் விட்டு விட்டுப் போகிறது. உள்ளூர் மெக்கானிக் ஒருவர் ஹூக் டைமிங் (ஊசி நூலை அடியில் ஹூக் பிடிக்கும் நேரம்) பார்த்தார், சரியாகவில்லை. டீலரோ, "நீங்க தப்பான ஊசி போடுறீங்க, வெளி ஆள் திறந்ததால் வாரண்டி போச்சு, பில்லிலேயே விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று இருக்கு, தொழிலுக்கு வாங்கினதால் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கும் போக முடியாது" என்கிறார். உண்மையா சார்?

பதில்: அவர் சொன்ன நான்கில் கடைசியை முதலில் எடுத்துக்கொள்வோம். அது விழுந்தால்தான் மற்றவற்றுக்கு அர்த்தம்.

தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பொது விதி. ஆனால் அதே பிரிவு 2(7)-இன் விளக்கத்தில், சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துவது "வணிக நோக்கம்" ஆகாது என்றும் இருக்கிறது. டீலர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை. இதை விளக்கிய 1995-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நம்ம ஊர்க்காரர் சம்பந்தப்பட்டது: கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும்) மெஷின் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் போட்ட வழக்கு. மெஷின் வாங்கியவர் அதில் தோற்றார். ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே, லேத் அல்லது வேறு மெஷின் வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான், ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்தாலும் அந்தத் தகுதி போகாது என்று எழுதியிருக்கிறார்கள். உங்கள் நாத்தனாரும் உதவிக்கு வரும் பெண்ணும் இந்த வரிக்குள் அடக்கம்.

இதைப் புகாரிலேயே தெளிவாக எழுத வேண்டும். மெஷினில் உட்காருவது நீங்கள்தான், இந்தக் கூலிதான் குடும்பத்தின் வருமானம் என்று முதல் பக்கத்திலேயே வரட்டும். பலர் இதை எழுதாமல் விட்டுத்தான் தோற்கிறார்கள். ஏதோ ஒரு "எண்டர்பிரைசஸ்" பெயரில் பில் இருந்தாலோ, ஜிஎஸ்டி எண் இருந்தாலோ எதிர்த்தரப்பு அதைக் கட்டாயம் தூக்கிக் காட்டும். அதனால் மட்டும் நீங்கள் பெரிய வணிகர் ஆகிவிடமாட்டீர்கள். ஆனால் உங்களிடம் பதில் தயாராக இருக்க வேண்டும். நான்கு மெஷின் போட்டு ஆள் வைத்து ஓட்டுபவராக இருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அடுத்து ஊசி விஷயம். இதில் டீலர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், எனவே நோட்டீஸுக்கு முன் நீங்களே சோதித்துவிடுங்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் இன்ன ஊசி சிஸ்டம் என்று மேனுவலில் எண் இருக்கும். வேறு சிஸ்டம் ஊசி பார்க்க ஒன்றுபோலவே இருந்தாலும் நீளம் மாறினால் ஹூக்கின் முனை நூல் வளையத்தைப் பிடிக்காது, தையல் விடும். மேனுவலில் சொன்ன சிஸ்டத்தில், தோலுக்கான முனையுள்ள புது ஊசி போடுங்கள். நூலுக்கு ஏற்ற சைஸும் வேண்டும். முதலில் மெல்லிய தோலை இரண்டாக வைத்துத் தையுங்கள். அதிலேயே விட்டால் டைமிங் அல்லது ஹூக் கோளாறு. மெல்லியதில் சரியாக வந்து தடிமனில் மட்டும் விட்டால், தோலை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தின் அழுத்தத்தைக் கூட்டி, ஒரு சைஸ் பெரிய ஊசி போட்டுப் பாருங்கள். அழுத்தம் போதாவிட்டால் ஊசி மேலே ஏறும்போது தோலும் கூடவே எழும்பும், வளையம் உருவாகாது. இவ்வளவு செய்தும் விட்டால் மெஷின் பழுதாக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தத் தடிமனுக்கான மெஷினே அது இல்லாமல் இருக்கலாம். ஒவ்வொரு சோதனையையும் வீடியோ எடுங்கள். ஊசி பாக்கெட்டின் லேபிளும் படத்தில் தெரிய வேண்டும்.

இந்த வித்தியாசத்தை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. மெஷினில் பழுதே இல்லை என்று டீலர் நிரூபித்தாலும் நீங்கள் ஜெயிக்கலாம். பொருட்கள் விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 16(1)-இன்படி, இன்ன வேலைக்கு வேண்டும் என்று வாங்குபவர் சொல்லி, விற்பவரின் தொழில் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு உதவ வேண்டும் என்பது எழுதாத நிபந்தனை. நீங்களே ஒரு கம்பெனி, மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கஷ்டம். நீங்கள் கேட்டதோ "எந்த மெஷின் சரிவரும்?" என்று. 5 மில்லி என்று அளவும் சொல்லியிருக்கிறீர்கள். நுகர்வோர் சட்டத்திலும், விற்பவர் எந்த விதத்திலாவது சொன்ன தரத்துக்குக் குறைந்தாலே அது குறைபாடு. ஆக, மெஷினை விடப் பெரிய சாட்சி அந்த வாட்ஸ்அப்தான். போனை மாற்றாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்யும்போது மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் இணைக்க வேண்டும். புதிய சாட்சியச் சட்டத்தில் அது பிரிவு 63.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 2(47). பில்லில் சொன்ன கெடுவுக்குள் செய்ய வேண்டும், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள்.

மெக்கானிக் திறந்ததுதான் உங்கள் பக்கத்தில் பலவீனமான இடம். வாரண்டி அட்டையில் அப்படி நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் படியுங்கள். இருந்தாலும், அவர் கைவைக்கும் முன்பே கோளாறு இருந்ததைக் காட்டினால் அந்த வாதத்துக்குப் பலம் குறையும். அதற்கு முன் டீலருக்குப் போன புகார் மெசேஜ், போன் கால் விவரம் எல்லாம் எடுத்து வையுங்கள். மெக்கானிக்கிடமும் எதைத் தொட்டார், எதைத் தொடவில்லை என்று எழுதி வாங்குங்கள். இனி யாரும் அதைத் திறக்க வேண்டாம்.

இன்றைக்கே டீலருக்குப் பதிவுத் தபாலும் மின்னஞ்சலும் அனுப்புங்கள்: மெஷின் சொன்ன வேலைக்கு உதவவில்லை, 15 நாளில் மாற்றித் தர வேண்டும் அல்லது பணம் தர வேண்டும் என்று. அதன்பின் அதில் ஆர்டர் தைக்காதீர்கள். குறை சொல்லிக்கொண்டே தைத்துக்கொண்டும் இருந்தால் பொருளை ஏற்றுக்கொண்டதாக ஆகி, விற்பனைச் சட்டத்தில் நஷ்டஈடு மட்டும்தான் கேட்க முடியும். கிண்டியில் உள்ள மத்திய காலணிப் பயிற்சி நிலையத்தில் மெஷின் தெரிந்தவர் யாராவது பார்த்து எழுத்தில் கருத்துக் கொடுத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும், பரிசோதனை தேவை என்றால் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

பதில் வராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். சென்னைக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, கெடு இரண்டு வருடம். வழக்கை முடிக்கச் சட்டத்தில் மூன்று மாதம், பரிசோதனை இருந்தால் ஐந்து மாதம் என்று இருந்தாலும் நடைமுறையில் அதைவிட இழுக்கும். அதனால் லோன் தவணையை நிறுத்திவிடாதீர்கள். பேங்குக்கும் மெஷினுக்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் சிபில் ஸ்கோர்தான் கெடும். கட்டிய வட்டியை நஷ்டஈட்டில் கேளுங்கள்.

நோட்டீஸ் போனதும் டீலர் வேறு மெஷின் தருவதாக இறங்கி வரலாம். சரி என்று சொல்லும் முன் உங்கள் தோல், உங்கள் நூல், உங்களுக்கு வரும் தடிமனான அப்பரோடு அவர் கடைக்கே போய்த் தைத்துப் பாருங்கள். புது பில்லில் "சேஃப்டி ஷூ அப்பர், 5 மில்லி" என்று எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் பணமாகவே கேளுங்கள் அம்மா.