ஏரியை ஒட்டிய பட்டா நிலத்தை மேடாக்குவதற்கு முன்

கேள்வி: மரக்காணம் வட்டத்தில் ஏரியை ஒட்டி எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. ஒரு பக்கம் தாழ்வாக இருப்பதால் மழைக்காலத்தில் இரண்டு மாதம் தண்ணீர் நிற்கிறது. மண் அடித்து மேடாக்கி, சுற்றுச்சுவர் எழுப்பி, சிறிய வீடு கட்ட நினைக்கிறோம். சொந்தப் பட்டா நிலத்துக்கும் ஈரநில விதிகள் பொருந்துமா?

பதில்: பொருந்தக்கூடும். எந்த விதி, எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது மூன்று செய்திகளைப் பொறுத்தது. உங்கள் நிலத்தின் எந்தப் பகுதி ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டத்துக்கு (ஏரி நிரம்பி நிற்கும்போது உள்ள நீர்மட்டம்) கீழே இருக்கிறது, எந்த ஓடை அதன் வழியாகவோ ஓரமாகவோ போகிறது, அந்த ஏரியின் உபரி நீர் கடைசியில் எங்கே சேர்கிறது என்பவையே அவை. முதல் லோடு மண் இறங்குவதற்கு முன்பே இந்த மூன்றுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் வேலையைத் தொடங்கி, கொட்டிய மண்ணைத் திரும்ப அள்ளியவன் என்பதால்தான் இந்தப் பதிலைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் நிலமும் உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1 ஏக்கர் 80 சென்ட். அதில் 45 சென்ட் ஏரியின் உள்வாய்ப் பக்கம், அதாவது தண்ணீர் தேங்கும் பக்கம், சரிந்து கிடக்கிறது. அப்பா காலத்தில் அந்த 45 சென்ட்டில் ஒரு போகம் நெல் மட்டும் வைப்பார்கள். 2019 கோடையில் அதை மேடாக்க நினைத்து 42 டிப்பர் கிராவல் கொட்டினேன். பட்டா என் பெயரில் இருக்கிறது, தீர்வை கட்டுகிறேன், யாரைக் கேட்க வேண்டும் என்பதே அப்போதைய என் எண்ணம். ஐப்பசி மழையில், எங்களுக்கு மேற்கே மேட்டில் பயிர் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரின் நாற்றங்கால் ஐந்து நாள் மூழ்கி அழுகிப்போனது. அவர் சண்டைக்கு வரவில்லை. என்னை வரப்போரமாக அழைத்துச் சென்று, தேங்கிய தண்ணீரைக் காட்டி, "தம்பி, இந்தத் தண்ணி உங்க தாத்தா காலத்துலேர்ந்து உங்க கொல்லை வழியாத்தான் ஏரிக்குப் போவும். இப்ப எந்த வழியாப் போவச் சொல்றே?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பிறகு புகார் போய், நில அளவர் வந்து சங்கிலி பிடித்தார். நிலத்தின் தென் ஓரத்தில் ஓடைப் புறம்போக்கு ஒன்று இருப்பது புல வரைபடத்தில் தெளிவாகக் காட்டப்பட்டிருந்தது. ஆண்டுக்கணக்காக உழுது உழுது சமமாகிப்போனதால், நிலத்தில் நின்று பார்த்தால் ஓடை இருந்த சுவடே தெரியாது. நான் கொட்டிய கிராவலில் பாதி அதன் மேல்தான் கிடந்தது. ஜேசிபி வைத்து அதை வாரி எடுக்க ஆன செலவு, கொட்டிய செலவுக்குக் குறையவில்லை. இதில் எந்த அலுவலகத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வரைபடத்தைப் பார்க்காமல் இருந்தது நான்.

எனவே முதல் வேலையாகப் பதிவேடுகளைப் பாருங்கள். சிட்டாவும் பட்டாவும் உங்கள் பெயரையும் பரப்பையும் சொல்லும். பக்கத்து நிலம் என்னவென்று சொல்லாது. உங்கள் புல எண்ணுக்கும் அதைச் சுற்றியுள்ள எல்லா எண்களுக்கும் அ-பதிவேட்டு நகலைப் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால், களம் என்று வகைப்பாடு அதில்தான் இருக்கும். புல வரைபடத்தையும் அ-பதிவேட்டு விவரத்தையும் அரசின் நிலப் பதிவேட்டு இணையதளத்திலேயே பார்க்கலாம். அதோடு நின்றுவிடாமல், 1980களின் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுக்கு முந்தைய பழைய பதிவேட்டில் உங்கள் எண் என்ன வகைப்பாட்டில் இருந்தது என்றும் கேட்டுப் பாருங்கள். பழைய ஏட்டில் நீர்நிலையாக இருந்து, பிற்காலத்தில் பட்டாவாக மாறிய நிலங்களில்தான் சிக்கல் மிகுதி. 2011 சனவரியில் பஞ்சாபின் ஒரு கிராமக் குட்டை தொடர்பான ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொது நீர்நிலை ஆக்கிரமிப்புகளை ஆண்டுக்கணக்கான அனுபவத்தையும் கட்டிய செலவையும் காரணம் காட்டி முறைப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது.

ஒரு சொற்குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் வருவாய்ப் பதிவேடுகளில் உள்ள நன்செய், ஆங்கிலப் பத்திரங்களில் 'வெட்' என்று எழுதப்பட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் நெல் வயலே ஈரநிலச் சட்டத்துக்குள் வந்துவிட்டதாக அஞ்சுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நன்செய் என்பது பாசன வசதியையும் தீர்வையையும் குறித்த வகைப்பாடு. நெல் வயல் ஈரநிலம் ஆகாது என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநிலங்கள் பாதுகாப்பு மற்றும் மேலாண்மை விதிகளே விலக்களிக்கின்றன. கேரளத்தில் நிலைமை வேறு. அங்கே 2008ஆம் ஆண்டுச் சட்டம் நெல் வயலையும் ஈரநிலத்தையும் உரிமையாளரே நிரப்புவதைத் தடுக்கிறது. எல்லைக்கு அப்பாலிருந்து கேட்ட செய்தியை நம் நிலத்துக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். ஆனால் நன்செய்யை வீட்டு மனையாக்க, விவசாயப் பயன்பாட்டை மாற்றுவதற்கான தனி அனுமதி நம் மாநிலத்திலும் தேவை என்பதை மறந்துவிட வேண்டாம்.

அந்த 2017 விதிகள் பாசனத்துக்கென்றே கட்டப்பட்ட அமைப்புகளையும் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து விலக்குகின்றன. இதைப் படித்துவிட்டு, ஏரி பாசன ஏரிதானே, நமக்கென்ன என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விதிகள் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) உள்ள இடங்களுக்கும் அரசு அறிவிக்கை செய்த இடங்களுக்கும் பொருந்தும்; வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பாசன ஏரிகளாக இருந்தே 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. இந்தப் பட்டியல்களுக்கு வெளியே உள்ள சாதாரண ஏரிகளுக்கும் காவல் உண்டு. நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ள ஏரிகளுக்கு 2007ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. 100 ஏக்கருக்கும் குறைந்த ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) உள்ள ஏரி என்றால் அது பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கும். யாரிடம் மனுக் கொடுப்பது என்பதற்கே இந்த விவரம் வேண்டும்.

உங்கள் வட்டத்துக்கு இன்னொரு முக்கியமான செய்தி உண்டு. வானூர், மரக்காணம் பக்கத்து ஏரிகள் பலவற்றின் உபரி நீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து கழுவெளியில் சேர்கிறது. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது. 2021 டிசம்பரில் 5,151.60 ஹெக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. உங்கள் நிலம் கழுவெளியை ஒட்டியே இருந்தால், கடந்த ஆண்டுகளின் சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்ற விதி உங்களைத் தொடும். அதற்கு அப்பாலும், ஈரநிலத்தைப் பாதிக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதியை 'தாக்க மண்டலம்' என்று வரையறுத்து, அங்கே எவற்றை ஒழுங்குபடுத்துவது என்று தீர்மானிக்க விதிகளில் இடமிருக்கிறது. உப்பங்கழி ஓரமாக இருந்தால் கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கையும் சேர்ந்துகொள்ளும். புல எண்ணைக் குறிப்பிட்டு வனச்சரக அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் எழுத்து மூலமாகக் கேளுங்கள். வாய்மொழியாக வந்த 'ஒன்றும் ஆகாது' என்ற பதிலை நம்பி மண் அடிக்க வேண்டாம்.

இனி, தாழ்வு என்று நாம் சொல்வது உண்மையில் எவ்வளவு தாழ்வு என்று அளந்து பார்ப்பது பற்றிச் சொல்கிறேன். ஏரி நிரம்பியதும் தண்ணீர் கலங்கலின் மேல்விளிம்பில் வழியத் தொடங்கும். அந்த விளிம்பு உயரம்தான் முழுக் கொள்ளளவு மட்டம். 2020இல் எங்கள் கொத்தனாரும் நானும் என் மகனுமாக, 30 மீட்டர் டியூப் லெவலைக் (மட்டம் பார்க்க உதவும், நீர் நிரப்பிய குழாய்) கொண்டு அந்த உயரத்தைக் கலங்கலிலிருந்து எங்கள் நிலம் வரை கடத்தினோம். சுமார் 300 மீட்டர் தொலைவு. பதினோரு முறை முளைக்குச்சி அடித்து, ஒவ்வொன்றிலும் கோடு போட்டு நகர்ந்தோம். குழாய்க்குள் ஒரு நீர்க்குமிழி நின்றுவிட்டால்கூட அளவு பிசகும் என்பதால், வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே தொடங்கி, ஒவ்வொரு முறையும் குழாயைத் தட்டித் தட்டிக் குமிழியை வெளியேற்றினார் கொத்தனார். கடைசிக் குச்சியில் கோடு விழுந்தபோது, அந்த 45 சென்ட்டின் தரை கோட்டுக்குச் சராசரியாக 40 சென்டிமீட்டர் கீழே இருந்தது. அதாவது ஏரி நிரம்பும் ஆண்டில் அந்த இடமும் ஏரிதான். சுமார் 700 கன மீட்டர், ஏழு லட்சம் லிட்டர் தண்ணீர் அங்கே நிற்க இடமிருக்கிறது. அதை நிரப்பியிருந்தால் அவ்வளவு தண்ணீரையும் அண்டை வயல்கள் மீது தள்ளியிருப்பேன். இதை அன்றைக்குத்தான் முழுமையாக உணர்ந்தேன்.

இந்த அளவீடு உங்கள் புரிதலுக்காகத்தான். சட்டப்படி செல்லக்கூடிய மட்டத்தை நீர்வளத் துறை உதவிப் பொறியாளர்தான் குறித்துத் தர வேண்டும். ஆனால் நம் கையில் ஒரு கணக்கு இருந்தால் அவரிடம் பேசுவது எளிதாகிறது. வீட்டுக்கு அனுமதி கேட்கும்போது நீர்நிலைக்கு அருகில் என்றால் வெள்ளப் பாதிப்புக் குறித்த தடையின்மைச் சான்று கேட்பார்கள். எந்த உயரம் வரை மண் நிரப்பலாம், எந்த வடிகாலை விட வேண்டும் என்று அதிலேயே நிபந்தனை வரும்.

அண்டை வீட்டாரின் உரிமையும் வெறும் ஊர் வழக்கம் அன்று. மேட்டு நிலத்தில் இயல்பாக விழும் நீர் தாழ்ந்த நிலத்துக்கு இயல்பாக வழிந்தோட விட வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவிலேயே எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தப் பெரியவர் நீதிமன்றம் போயிருந்தால் எனக்கு எதிராக அவருக்கு வலுவான வழக்கு இருந்திருக்கும்.

பிறகு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். தாழ்ந்த 45 சென்ட்டை மேடாக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, அதில் கரை எழுப்பாமல் ஒரு பண்ணைக்குட்டை வெட்டினோம். கரை எழுப்பினால் ஏரி நீரை மறித்ததாகும். கீழே தோண்டினால் கொள்ளளவு குறைவதில்லை. ஒன்றரை மீட்டரோடு நிறுத்திக்கொண்டோம். அதற்குக் கீழே எங்கள் பக்கத்தில் உவர் நீர் ஊறும். தோண்டிய மண்ணை நிலத்தைவிட்டு வெளியே கொண்டுபோகாமல், கலங்கல் மட்டத்துக்கு மேலே இருந்த வடமேற்கு மூலையில் மட்டும் பரப்பி, அங்கே 2022இல் வீடு கட்டினோம். கூடுதலாக வண்டல் தேவைப்பட்டபோது வட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து, ஏரியிலிருந்தே எடுத்தோம். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் என்ற அளவில் விவசாயிகளுக்கு இலவசமாகவே தருகிறார்கள். தென் ஓரத்து ஓடையை அளவுக்கல் நட்டு, முழு அகலத்துக்கும் எங்கள் செலவிலேயே திரும்ப வெட்டிவிட்டோம்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, ஏரி நீர் எங்கள் வீட்டு வாசலின் இரண்டாவது படி வரை வந்து நின்றது. வீட்டுக்குள் வரவில்லை. மேற்கு வயலின் தண்ணீர் ஓடை வழியாக மூன்றே நாளில் வடிந்தது.

கடைசியாகச் சுற்றுச்சுவர். தாழ்ந்த பக்கத்தில் அதை எழுப்பவே வேண்டாம். அடித்தளம் போட்ட சுவர் நிரந்தரக் கட்டுமானம் என்ற கேள்வியில் சிக்கும்; அதோடு வெள்ளக் காலத்தில் அது ஒரு கரையாக மாறி நீரை மேட்டு வயல்களுக்குத் திருப்பும், இல்லையென்றால் ஒரு பக்க அழுத்தம் தாங்காமல் சாயும். நாங்கள் மேட்டுப் பகுதியில் மட்டும் கல்தூண் நட்டுக் கம்பி கட்டினோம். தாழ்ந்த பக்கத்தில் எல்லையிலிருந்து இரண்டு முழம் உள்ளே தள்ளி நீர்மருதும் புங்கனும் வரிசையாக நட்டு, இடையில் வெட்டிவேர் வைத்திருக்கிறோம். தண்ணீர் ஊடே போகிறது, மண் நிற்கிறது. நடுவதற்கு முன் நில அளவரை வைத்து எல்லைக்கல்லை உறுதி செய்துகொள்ளுங்கள். அப்போது பக்கத்து நிலத்தவரையும் கூட அழைத்து நிற்க வையுங்கள்.