டிரிப் கணக்கு: ஃபார்முலா தெரிந்தும் விடை தப்புது என்றால்

ஏடிஎச்டி (கவனம் நிலைக்காத குறைபாடு) இருக்கு, டிரிப் சொட்டுக் கணக்கு தப்பிக்கிட்டே இருக்கு, வயசுதான் காரணமா என்று கேட்டிருந்தீங்க. மனக்கணக்கை விட்டுடுங்க. முதல் வரியில் நேரத்தை நிமிடமாக்கி எழுதின பிறகுதான் மற்றதைத் தொடணும்.

500 மி.லி. சலைன், 4 மணி நேரம், செட் (டிரிப் குழாய்) மி.லி.க்கு 20 சொட்டு:
4 × 60 = 240
500 × 20 ÷ 240 = 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு.

ஏடிஎச்டி இருந்தால் இடைப்படி மனசில் தங்காமல் போகலாம்; அங்கே சறுக்கலாம். வயசுதான் காரணம் என்று முடிவு கட்டிடாதீங்க.

உங்க பழைய தப்பு விடைகளை 60ஆல் வகுத்துப் பாருங்க. 2500 என்று எழுதியது 41.67 ஆனால், மணியை நிமிடமாக்காத தப்பு பிடிபட்டது! (நிமிடத்துக்கு 2500 சொட்டு எந்தக் குழாயிலும் இறங்காது.)

மைக்ரோ செட்டுக்கு (சின்னச் சொட்டு விழும் குழாய்) மி.லி.க்கு 60 சொட்டு, கவரைப் பார்த்துக்கோங்க. வார்டில் நடுவில் யாராவது கூப்பிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதல் வரியிலிருந்தே போடுங்க. சீனியரிடம் காட்டிட்டுத்தான் சொட்டை வைக்கணும்.