கரண்ட் போய் வந்தபின் டொமைனில் லாகின் ஆகவில்லையா? சர்வரின் தேதியைப் பாருங்கள்

வணக்கம். அம்பத்தூர் ஆபீஸில் ராத்திரி கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் இறங்கி, காலையில் சர்வர் எழுந்த பிறகு “நேரம் ஒத்துப்போகவில்லை” என்ற பிழையோடு பலருக்கு லாகின் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லா கம்ப்யூட்டரையும் டொமைனிலிருந்து (ஆபீஸ் கம்ப்யூட்டர்களையும் லாகின்களையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) எடுத்து மறுபடி சேர்க்கும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். அவ்வளவு பேரின் ஒரு நாள் வேலை வீணாகும், கோளாறும் அப்படியே இருக்கும்.

டொமைனில் ஆளைச் சரிபார்ப்பது கெர்பரோஸ் என்ற முறை. சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும் 5 நிமிடத்துக்கு மேல் நேர வித்தியாசம் இருந்தால், பாஸ்வேர்ட் சரியாக இருந்தாலும் அது மறுத்துவிடும். கரண்ட் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடவைக்கும் மதர்போர்டு பேட்டரி உங்கள் சர்வரில் தீர்ந்திருக்கும் என்பதே என் வலுவான சந்தேகம். கரண்ட் முழுதாக நின்றதும் கடிகாரம் பழைய தேதிக்குப் போயிருக்கும். பயாஸில் (சர்வர் எழும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) மணியை மட்டும் பார்க்காதீர்கள், வருடத்தையும் பாருங்கள். பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

பேட்டரி பெரும்பாலும் சிஆர்2032, ரிச்சி ஸ்ட்ரீட்டில் சுலபமாகக் கிடைக்கும். மாற்றி, தேதியைச் சரிசெய்து, டொமைன் கன்ட்ரோலர் (லாகினைச் சரிபார்க்கும் அந்த சர்வர்) வெளியே ஒரு என்டிபி சர்வரிடம் (நெட்வொர்க் வழியாகச் சரியான நேரம் தரும் சர்வர்) நேரம் வாங்கும்படி அமையுங்கள். அதற்கு ஃபயர்வாலில் யுடிபி 123 என்ற போர்ட் திறந்திருக்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டர்களை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

கன்ட்ரோலர் ஹைப்பர்-வியில் (ஒரே மெஷினுக்குள் மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் மென்பொருள்) ஓடுகிறதென்றால் ஹோஸ்டின், அதாவது அதைத் தாங்கும் நிஜ மெஷினின், நேரத்தையும் திருத்துங்கள், இல்லாவிட்டால் தவறான தேதி திரும்ப வந்துவிடலாம். இரண்டாவது கன்ட்ரோலர் இருக்கிறதா? இருந்தால் அது காட்டும் தேதியை இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.