181-க்குப் பேசினால் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?

புதுச்சேரியில புகுந்த வீடு, இப்ப கடலூர்ல அம்மா வீட்ல இருக்கேன், பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசினா கணவருக்குத் தெரிஞ்சிடுமான்னு கேட்டிருக்கீங்க. 181-ல இருந்து அவருக்குத் தகவல் போகாது. மாட்டிவிடுறது உங்க போன்தான்.

சிம் அவர் பேரில் இருக்கறதா எழுதியிருக்கீங்க. அப்படின்னா கால் லாக்கை அழிச்சாலும் முழுசா மறையாது. போன் கம்பெனி கணக்கு வழியா கால் விவரத்தை அவர் எடுக்கலாம். அதனால அம்மா போனோ பக்கத்து வீட்டு அக்கா போனோதான் நல்லது. வேற வழியே இல்லாம உங்க போன்ல பேசினா, அந்த ஒரு நம்பரை மட்டும் அழிங்க. லாக் மொத்தமும் காலியா இருந்தா அதுவே சந்தேகம்.

அழைக்கறதுக்கு முன்னாடி, செட்டிங்ஸ்ல கூகுள் கணக்கு, அதில் பாதுகாப்பு, 'உங்கள் சாதனங்கள்' போய்ப் பாருங்க. அவர் போனும் அங்க தெரிஞ்சா அந்த ஜிமெயில்ல எதுவும் தேடாதீங்க. அவரை வெளியேத்தவும் வேணாம், உடனே அவருக்குத் தெரிஞ்சிடும்.

லைன் கிடைச்சதும் முதல்ல "இப்ப கடலூர்ல அம்மா வீட்ல இருக்கேன், புகுந்த வீடு புதுச்சேரி"ன்னு சொல்லிடுங்க. ரெண்டும் வேற வேற நிர்வாகம், இல்லேன்னா அலைய விடுவாங்க. "கேஸ் புதுச்சேரியிலதான் போடணும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2005 குடும்ப வன்முறைச் சட்டம் பிரிவு 27-படி, நீங்க தற்காலிகமா தங்கியிருக்கற ஊர் கோர்ட்டுலயும் மனு போடலாம். வக்கீல் செலவுக்குப் பயந்தா 15100, இலவச சட்ட உதவி.

ஒண்ணு கவனம்: குழந்தைக்குப் பாலியல் கொடுமைன்னு சொன்னா ரகசியம் காக்க முடியாது, போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்கள்ல இருந்து காக்கற) சட்டப்படி 181-ல இருக்கறவங்க போலீசுக்குத் தெரிவிச்சே ஆகணும். அடி விழற நேரத்துல 181 வேணாம், நேரா அவசர உதவி எண் 112.