பல வருடக் கழுத்து, தோள்பட்டை வலி மசாஜ் தெரபியில் குணமாகுமா? எத்தனை தடவை எடுக்க வேண்டும்? வீட்டிலேயே செய்யலாமா?

நான் திருப்பூரில் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் ஓவர்லாக், பேட்லாக் மெஷினில் உட்காரும் டெய்லர்கள். ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம், தலையைக் குனிந்தபடி துணியைத் தள்ளிக்கொண்டிருப்பவர்கள். அவர்களிடம் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: வலி குறையும். மசாஜ் மட்டும் எடுத்து அடியோடு போகாது.

இந்த வலிக்காரர்களிடம் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது, கழுத்து எலும்பிலிருந்து இறங்கித் தோள்பட்டை எலும்பின் உள்பக்க மேல்முனையில் வந்து ஒட்டும் தசையை. கட்டைவிரலை வைத்துக் குறுக்கே உருட்டினால் முறுக்கிய கயிறு மாதிரி தட்டுப்படும். அப்புறம் தோளின் மேல்விளிம்பில் இருக்கும் டிரபீசியஸ். அதில் ஒரு புள்ளியை அழுத்தினால், "அக்கா, அங்க அமுக்கினா நெத்திப்பொட்டுல தெறிக்குது" என்பார்கள். இப்படி ஓரிடத்து முடிச்சு வேறோர் இடத்தில் வலியைக் காட்டுவதை விரிவாகப் பதிவு செய்தவர் ஜேனட் டிரவெல் என்ற அமெரிக்க டாக்டர். கென்னடியின் முதுகு வலிக்கு வைத்தியம் பார்த்தவர், 1961-ல் வெள்ளை மாளிகை டாக்டராகவும் ஆனார். அந்த முடிச்சுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்றும் சண்டை ஓயவில்லை.

முதலில் பத்து, பதினைந்து நிமிடம் ஒத்தடம். பிறகு புள்ளியை மெதுவாக அழுத்தி, அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை கையை எடுக்காமல் பிடிப்பேன். விரலுக்கடியில் இளகுவது தெரியும். படுத்திருப்பவர் மூச்சை அடக்கினால் அழுத்தம் கூடிப்போச்சு என்று அர்த்தம், உடனே குறைப்பேன். "இன்னும் நல்லா அமுக்குங்க, வலிச்சாத்தான் சரியாகும்" என்று கேட்பவர்களுக்குக் குறைவில்லை. வலிக்க வலிக்க அமுக்கினால் தசை இன்னும் இறுகும், மறுநாள் கன்றிப்போய் நிற்பார்கள்.

ஸ்பா விளம்பரங்களில் வரும் 'நச்சு வெளியேறும்' கதையை விட்டுவிடுங்கள். சூடும் அழுத்தமும் நரம்பு வழியாக வலியைக் கொஞ்ச நாளைக்கு மட்டுப்படுத்துகின்றன, அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நாளுக்குள் கழுத்து, தோள் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். இறுகிக் கிடந்தபோது தூக்க முடியாத கை அப்போது தூக்க வரும். பயிற்சி செய்யாதவர்கள் மாதாமாதம் அதே வலியோடு வருகிறார்கள். எனக்கு வருமானம்தான், வேண்டாமென்றா சொல்லப் போகிறேன்!

எத்தனை தடவை என்றால், 2014-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைச் சொல்லலாம். நாள்பட்ட கழுத்து வலி உள்ள 228 பேருக்கு நான்கு வாரம் மசாஜ் கொடுத்துப் பார்த்தார்கள். வாரம் இரண்டு மூன்று தடவை, ஒரு மணி நேரம் எடுத்தவர்களுக்கு நல்ல பலன். அரை மணி நேரக்காரர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நம் ஊரில் வாரம் மூன்று மணி நேரத்துக்கு யாருக்கு நேரமும் காசும் இருக்கிறது? வாரம் இரண்டு என்று ஒரு மாதம் பாருங்கள். ஒரு மாதத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம்.

சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று தட்டல், இறுக்கல், பிடித்தல் என ஒன்பது வகை உண்டு. படித்த சித்த மருத்துவர் பார்த்துச் செய்தால் தாராளமாகப் போங்கள். சலூனில் முடி வெட்டிய கையோடு கழுத்தைப் படக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பார்களே, அதற்கு மட்டும் தலையைக் கொடுக்காதீர்கள். கழுத்தெலும்பு வழியாக மூளைக்கு ஏறும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போனதுண்டு.

கை மரத்துப்போகிறது, டம்ளர் நழுவுகிறது, நடை தடுமாறுகிறது, காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ இருக்கிறது என்றால் மசாஜுக்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.

வீட்டில் செய்வதற்கு ஒரு டென்னிஸ் பந்து போதும். சுவருக்கும் தோள்பட்டையின் உள் ஓரத்துக்கும் நடுவே வைத்துச் சாய்ந்து நில்லுங்கள். வலிக்கிற புள்ளி கிடைத்ததும் உருட்டாமல் அரை நிமிடம் நில்லுங்கள். முதுகெலும்பின் மேல் பந்து வரக்கூடாது. கழுத்தின் முன்பக்கத்தை யாரும் அமுக்க விடாதீர்கள், பாசமாக அமுக்குபவர்களைக்கூட.