சேலத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். பல்சார்களின் காமா கதிர் பற்றி இங்கிருந்தே ப்ராஜெக்ட் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும், நான் செய்தேன். "டெலஸ்கோப் இல்லாமல் என்ன ஆராய்ச்சி?" என்று உங்கள் துறையில் யாரோ சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வைவாவில் என்னிடமும் அதையே கேட்டார்கள். பல்சார் என்பது வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன். அதன் காமா கதிரை வளிமண்டலம் கீழே விடாது. ஏற்காட்டு உச்சியில் எவ்வளவு பெரிய டெலஸ்கோப் வைத்தாலும் நேரடியாகப் பிடிக்க முடியாது. அதற்காகத்தான் 2008-ல் ஃபெர்மி செயற்கைக்கோள் போனது. அது பிடிக்கும் ஒவ்வொரு ஃபோட்டானின் (ஒளித்துகளின்) நேரம், திசை, ஆற்றலையும் நாசா இலவசமாகத் தருகிறது. அமெரிக்காவில் இருப்பவருக்கும் நமக்கும் ஒரே கோப்புதான்.

நான் எடுத்தது வேலா பல்சார். விநாடிக்குச் சுமார் 11 முறை சுழல்கிறது, ஆனால் பல நூறு சுற்றுக்கு ஒரு ஃபோட்டான் கிடைத்தாலே அதிகம். அப்படியே பார்த்தால் துடிப்பு தெரியாது. வந்த நேரத்தைச் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றி, ஒவ்வொன்றும் சுழற்சியின் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று கணக்கிட்டு அடுக்க வேண்டும். ஒரு ராத்திரி, ஏற்காட்டில் எங்கள் வீட்டில், லேப்டாப் திரையில் இரண்டு கூர்முனைகள் எழுந்தன. தூங்கிக்கொண்டிருந்த அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

அதைவிடப் பெருமை நிறமாலைதான், அதாவது எந்த ஆற்றலில் எவ்வளவு கதிர் வருகிறது என்ற வரைபடம். பல்சாரின் காந்தத் துருவத்துக்குப் பக்கத்திலேயே கதிர் பிறந்தால், அங்குள்ள காந்தப்புலம் உயர் ஆற்றல் ஃபோட்டான்களை எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடிகளாக்கி விழுங்கிவிடும். சில ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் நிறமாலை சட்டென்று அறுந்துவிட வேண்டும். வேலாவில் அது மெதுவாகத்தான் சரிகிறது. அப்படியானால் கதிர் காந்தமண்டலத்தின் (பல்சாரைச் சுற்றி அதன் காந்தப்புலம் ஆளும் பகுதியின்) வெளிப்பகுதியில் பிறக்கிறது. ஃபெர்மி குழு முன்பே சொன்னதுதான். "புதிதாக என்ன கண்டுபிடித்தாய்?" என்பவர்களுக்கு: ஒரு மாணவி தன் கையால் சரிபார்ப்பதும் இயற்பியல்தான்.

என்னைத் தடுத்தது வேறு. சேலத்தில் ஆய்வகம் திறந்திருக்கும்போதே ஏற்காட்டு பஸ் பிடிக்க ஓடுவேன். விடுதியில் இடம் கேட்டால் 'உள்ளூர் மாணவி' என்று மறுத்தார்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறவள் எப்படி உள்ளூர்? அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

சரி, நீங்களும் வேலாவிலேயே தொடங்குங்கள். காமாவில் அதைவிடப் பிரகாசமான நிலையான மூலம் வானத்தில் இல்லை. நீங்கள் எடுக்கும் காலத்துக்குப் பொருந்தும் எஃபெமரிஸை (பல்சாரின் சுழற்சியைக் கணிக்கும் அளவுகளின் பட்டியலை) முதலில் தேடி வையுங்கள். வேலாவின் சுழற்சி அவ்வப்போது திடீரென்று வேகமெடுக்கும். அந்தக் க்ளிட்ச் நடந்த தேதியைக் கவனிக்காமல் அடுக்கினால் முனைகள் கலைந்துவிடும்.